படைகளிலிருந்து கழிக்கப்பட்ட ரைஃபிள்கள்: உருவான இடத்தையும் தற்போதைய நிலையையும் எப்படிக் கண்டறிவது?

கேள்வி: ஏட்டாளர்

வணக்கம். நான் பொறுப்பேற்றிருக்கும் சிறிய காட்சியகத்துக்கு, காலமான ஒரு சேகரிப்பாளரின் குடும்பத்தார் நான்கு பழைய இராணுவ ரைஃபிள்களை முறையான ஆவணங்களுடன் ஒப்படைத்திருக்கிறார்கள். அவற்றைச் சுட்டுப் பார்க்கும் எண்ணம் எங்களுக்கு அறவே இல்லை. ஆனால் எங்கள் பதிவேட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் "உருவான இடம்", "தற்போதைய நிலை" என இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. மூன்று வாரங்களாகப் பார்த்தும் ஒரு ரைஃபிளுக்குக்கூட அவற்றை என்னால் உறுதியாக நிரப்ப முடியவில்லை.

முதலாவது ஒரு ஷார்ட் மேகசீன் லீ என்ஃபீல்டு. பின்கட்டை பொருந்தும் இரும்புப் பகுதியின் வலப்பக்கத்தில் கிரீடம், அதன் கீழ் ஜி.ஆர்., பி.எஸ்.ஏ. கம்பெனி, 1917, மார்க் 3 நட்சத்திரக் குறி ஆகியவை தெளிவாக இருக்கின்றன. ஆனால் போல்ட்டின் (தோட்டா அறையை மூடித் திறக்கும் உறுப்பு) எண் ரிசீவரின் (குழலும் போல்ட்டும் பொருந்தும் நடு உடல்) எண்ணோடு ஒத்துப்போகவில்லை. முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகாணி செலுத்தப்பட்டிருக்கிறது. படங்களில் நான் கண்ட ஆங்கிலேய ரைஃபிள்களில் அது இல்லை.

இரண்டாவது ஜெர்மானிய மவுசர் 98கே. ரிசீவரின் மேல் பி-வை-எஃப் என்ற மூன்று சிறிய எழுத்துகளும் 43 என்ற எண்ணும் இருக்கின்றன. போல்ட்டில் இருக்கும் எண் முத்திரையால் அடிக்கப்படாமல் கையால் கிறுக்கியது போலத் தெரிகிறது. ரிசீவரின் இடப்பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி.

மூன்றாவது மோசின் நகான். முக்கோணத்துக்குள் அம்பு, 1939 என்ற ஆண்டு, கூடவே குறுக்குக் கோடு போட்ட ஒரு சதுரம். எல்லா எண்களும் ஒத்திருக்கின்றன, ஆனால் எழுத்துருக்கள் ஒரே மாதிரி இல்லை.

நான்காவதுதான் என்னை மிகவும் குழப்புகிறது. அதுவும் பார்வைக்கு ஷார்ட் மேகசீன் லீ என்ஃபீல்டுதான். ஆனால் கிரீடத்தின் கீழ் வி.ஆர். என்றும், ஆண்டு 1912 என்றும் இருக்கிறது. என்ஃபீல்டு என்ற ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பியிருக்கிறது.

எண்கள் ஒத்துப்போகாதவை மோசடிப் பொருள்களா? எதை முதலில் வாசிக்க வேண்டும்? சுடாமலேயே ஒரு குழலின் நிலையை மதிப்பிட முடியுமா? எல்லாவற்றின் மீதும் கெட்டிப்பட்ட பழைய கிரீஸ் படிந்திருக்கிறது, அதை நீக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: பட்டறைக்காரர்

ஐயா, உங்கள் கேள்வியிலேயே ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. "இந்த ரைஃபிள் எங்கே உருவானது" என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதால்தான் உங்களால் அந்தக் கட்டத்தை நிரப்ப முடியவில்லை. முப்பது, நாற்பது ஆண்டுகள் படையில் இருந்த ஒரு ரைஃபிளுக்குக் குழல் ஒருமுறையேனும் மாற்றப்பட்டிருக்கலாம். மரம் இரண்டு முறை மாற்றப்பட்டிருக்கலாம். போல்ட் வேறொன்றிலிருந்து வந்திருக்கலாம். ரிசீவரில் உள்ள முத்திரை ரிசீவரின் பிறப்பை மட்டுமே சொல்கிறது. ஆகவே ரிசீவர், குழல், போல்ட், முன்கட்டை, பின்கட்டை, காட்சிக்குறி (குறிபார்க்க உதவும் உறுப்பு) என ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனி வரி ஒதுக்கி, அதில் கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். முடிவுகளைப் பின்னர் எழுதலாம்.

உங்கள் முதல் ரைஃபிளையே எடுத்துக்கொள்வோம். ஜி.ஆர். என்பது ஜார்ஜ் மன்னரின் குறி. பி.எஸ்.ஏ. என்பது பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ் நிறுவனம். 1917 என்பது ரிசீவர் முடிக்கப்பட்ட ஆண்டு. நட்சத்திரக் குறி முதல் உலகப் போரின் நடுவே உற்பத்தியை விரைவுபடுத்துவதற்காக எளிமையாக்கப்பட்ட வடிவத்தைக் குறிக்கிறது. தோட்டாப் பெட்டியான மேகசீனை அடைக்கும் தகடு, தொலைதூரக் கூட்டுச் சூட்டுக்கான பக்கவாட்டுக் காட்சிக்குறி போன்றவை அதில் கைவிடப்பட்டன. இவ்வளவும் ரிசீவர் சொல்லும் செய்தி. முன்கட்டையின் குறுக்கே செல்லும் அந்தத் திருகாணியோ வேறொரு நாட்டின் கையெழுத்து. சேகரிப்பாளர்கள் அதை "இஷாப்பூர் திருகாணி" என்றே அழைக்கிறார்கள். வங்காளத்தின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையின் வழக்கம் அது. மரம் பிளவுபடாமல் இருக்க இந்தியாவில் பழுதுபார்க்கப்பட்ட ரைஃபிள்களில் இது பரவலாகப் போடப்பட்டது. எனவே உங்கள் ரைஃபிள் இங்கிலாந்தில் பிறந்து இந்தியப் படைப்பணியில் வாழ்ந்தது என்ற ஊகத்துக்கு வலுவான அடிப்படை இருக்கிறது. அதை உறுதிசெய்ய அகன்ற அம்புக் குறியைத் தேடுங்கள். அம்பு மட்டும் இருந்தால் பிரிட்டிஷ் அரசின் உடைமை. அம்போடு ஆங்கில ஐ எழுத்து சேர்ந்திருந்தால் இந்தியா. சி எழுத்துக்குள் அம்பு என்றால் கனடா. இரண்டு டி எழுத்துகளின் இடையே அம்பு என்றால் ஆஸ்திரேலியா. யு எழுத்துக்குள் அம்பு என்றால் தென்னாப்பிரிக்கா. இரண்டு அம்புகள் முனையோடு முனை சேர்ந்து நிற்பதைக் கண்டால், அது அரசு அந்த ஆயுதத்தைப் படைப்பணியிலிருந்து நீக்கி விற்றுவிட்டதற்கான அடையாளம்.

விற்பனைக்குப் பிந்தைய வாழ்க்கைக்கும் தடயம் உண்டு. இங்கிலாந்தில் பொதுச் சந்தைக்கு வந்த, .303 அங்குலத் தோட்டாவுக்கான ரைஃபிள்கள் லண்டன் அல்லது பர்மிங்ஹாம் சோதனைக்கூடத்தில் மீண்டும் சோதிக்கப்பட்டு முத்திரை பெற்றன. குழலின் பின்பகுதியில் 2.222 என்ற எண்ணும் 18.5 டன் என்ற குறிப்பும் இருந்தால் அவற்றை வரிசை எண்களோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலாவது தோட்டாக் கூட்டின் நீளம், அங்குலத்தில். இரண்டாவது ஒரு சதுர அங்குலத்துக்கான அழுத்தம். பல பதிவேடுகளில் இவை வரிசை எண் என்றே தவறாக ஏறியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த வகை ரைஃபிளில் வரிசை எண் ரிசீவரின் முன்வளையம், குழல், போல்ட் கைப்பிடியின் பின்புறம், காட்சிக்குறியின் தகடு, முன்முனை மூடி, முன்கட்டையின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் இருக்க வேண்டும். ஆறு இடங்களையும் பாருங்கள். போல்ட் மட்டும் வேறாக இருந்தால் அதை மோசடி என்று எழுதிவிட வேண்டாம். ஆனால் அது நிலையைப் பற்றிய குறிப்பில் கட்டாயம் இடம்பெற வேண்டும். ஏனென்றால் லீ என்ஃபீல்டு போல்ட்டின் தாங்குமுனைகள் ஒவ்வொரு ரிசீவருக்கும் தனித்தனியாகப் பொருத்திச் சரிபார்க்கப்பட்டவை. வேறொரு ரிசீவரிலிருந்து வந்த போல்ட் ஒரு முனையில் மட்டும் தாங்கி நிற்கக்கூடும்; அது வெளியே தெரியாத குறை.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரித்துப் பார்க்கும்போது பின்கட்டையை முதலில் கழற்றாதீர்கள். இந்த வகையில் பின்கட்டையை இறுக்கும் நீண்ட மரையாணியின் சதுர முனை, முன்கட்டையின் பின்புறத்தில் உள்ள ஒரு சிறு தகட்டுக்குள் பூட்டப்பட்டிருக்கும். முன்கட்டை இடத்தில் இருக்கும்போதே அதைத் திருகினால் நூறாண்டு பழைய மரம் உங்கள் கையிலேயே பிளந்துவிடும். முன்கட்டையை அகற்றிய பிறகே பின்கட்டையைத் தொட வேண்டும். நான் தொழில் கற்ற காலத்தில் என் கையாலேயே ஒரு நல்ல முன்கட்டையை இப்படி இழந்திருக்கிறேன். அந்தச் சத்தம் இன்னும் நினைவில் இருக்கிறது.

நான்காவது ரைஃபிளைப் பற்றி எனக்கு ஐயமே இல்லை. வி.ஆர். என்பது விக்டோரியா மகாராணியின் குறி. அவர் 1901 ஜனவரியில் காலமானார். ஷார்ட் மேகசீன் லீ என்ஃபீல்டு அதற்குப் பிறகே படைக்கு வந்தது. மார்க் 3 வடிவம் 1907-இல்தான் ஏற்கப்பட்டது. ஆகவே அந்தக் கிரீடமும் அந்த ஆண்டும் ஓர் அரசுத் தொழிற்சாலையில் ஒன்றாக அடிக்கப்பட்டிருக்க முடியாது. திரும்பிய எழுத்து அதை உறுதிசெய்கிறது: ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத ஒரு கைவினைஞர், தம்மிடம் இருந்த மாதிரியைப் பார்த்து முத்திரையைச் செதுக்கியிருக்கிறார். இன்றைய பாகிஸ்தானின் கைபர் கணவாய்ப் பகுதியிலும் தர்ரா ஆதம் கேலிலும் தலைமுறை தலைமுறையாக இத்தகைய நகல்கள் கையால் செய்யப்பட்டன. கிடைத்த இரும்பைக் கொண்டு, எளிய கருவிகளால் செய்யப்பட்டவை. எஃகின் தரத்துக்கும் வெப்பப் பதத்துக்கும் எவ்வித உறுதியும் கிடையாது. எக்காலத்திலும் சுடக்கூடாத பொருள் அது. ஆனால் தயவுசெய்து அதைப் "போலி" என்று எழுதி மூலையில் வைத்துவிடாதீர்கள். அரம் ஒன்றையும் பொறுமையையும் வைத்துக்கொண்டு ஒரு தொழிற்சாலையின் வேலையைச் செய்து முடித்த ஒருவரின் கைத்திறன் அது. உங்கள் நான்கிலும் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

மறுமொழி 2: முத்திரை ஆர்வலர்

பட்டறைக்காரர் சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். மவுசரையும் மோசினையும் பற்றி நான் சொல்கிறேன்.

பி-வை-எஃப் என்பது ஓபர்ன்டார்ஃப் நகரத்து மவுசர் ஆலையின் மறைகுறி. அந்த ஆலை முதலில் எஸ்/42 என்றும் பிறகு 42 என்றும் குறித்துவந்தது; போர்க்காலத்தில் மூன்று எழுத்துக் குறி வந்தது; 1945-இல் அதுவும் மாறியது. எதிரிக்கு உற்பத்தி அளவு தெரியக்கூடாது என்பதற்காகவே இந்த மறைகுறிகள். அதே காரணத்தால்தான் ஜெர்மானிய வரிசை எண்ணும் நம்மைத் தடுமாறச் செய்கிறது. எண் 10,000-ஐத் தொட்டதும் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கி ஓர் எழுத்தைப் பின்னொட்டாகச் சேர்ப்பார்கள்; ஆண்டு மாறினால் எல்லாமே முதலிலிருந்து. ஆக, ஒரே எண்ணைக் கொண்ட பல ரைஃபிள்கள் இருக்க முடியும். ஆலைக் குறி, ஆண்டு, எண், எண்ணுக்குக் கீழே உள்ள சிறிய எழுத்து ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் அது ஒரு குறிப்பிட்ட ரைஃபிளின் அடையாளம். எண்ணை மட்டும் எழுதிப் பின்னொட்டை விட்டுவிட்டால் பதிவேட்டில் எழுதியதற்குப் பயனே இல்லை.

நீங்கள் கண்ட பெருக்கல் குறியும், போல்ட்டில் மின் எழுதுகோலால் கீறப்பட்ட எண்ணும் சேர்ந்து ஒரு தெளிவான கதையைச் சொல்கின்றன. இரண்டாம் உலகப் போரில் சோவியத் படையினர் கைப்பற்றிய மவுசர்கள் பின்னர் அவர்களுடைய ஆயுதக் கிடங்குகளில் மொத்தமாகப் பிரிக்கப்பட்டு, சுத்தம் செய்யப்பட்டு, ஆழ்ந்த கறுப்புப் பூச்சுப் பெற்று, கைக்குக் கிடைத்த உறுப்புகளால் மீண்டும் பூட்டப்பட்டன. முன்பிருந்த எண்ணைக் கோடிட்டு அடித்துவிட்டு ரிசீவரின் எண்ணைப் போல்ட்டில் எழுதுவது அவர்கள் வழக்கம். மரத்தின் மீது செந்நிற அரக்குப் பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் என் ஊகம் இன்னும் உறுதிப்படும். இதை "எண்கள் ஒத்த ரைஃபிள்" என்று எழுதக்கூடாது. "சோவியத் மறுசீரமைப்பின்போது எண்கள் ஒத்ததாக ஆக்கப்பட்டது" என்று எழுத வேண்டும். சேகரிப்பாளர்களிடையே இந்த வேறுபாட்டுக்கு மதிப்பு மிக அதிகம். வரலாற்றை எழுதுபவருக்கு அதைவிடவும் அதிகம்.

இன்னொரு செய்தி, இது பாதுகாப்பு சார்ந்தது. ரிசீவரில் உள்ள ஜெர்மானியக் குறி தோட்டாவின் அளவைப் பற்றி எதையும் உறுதிசெய்யாது. போருக்குப் பிறகு நார்வே தன்னிடம் எஞ்சிய 98கே ரைஃபிள்களில் பலவற்றுக்கு .30-06 என்ற அமெரிக்கத் தோட்டாவுக்கான குழல் பொருத்தியது, இஸ்ரேல் 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவுக்கு மாற்றியது. யூகோஸ்லாவியா தன் கிராகுயேவாட்ஸ் ஆலையில் ஜெர்மானியக் குறிகளை அரைத்துவிட்டுத் தன் முத்திரையை இட்டது. மூன்றையும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே துப்பாக்கிதான். குழலில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தனியாகப் படியுங்கள்.

மோசினுக்கு வருகிறேன். முக்கோணத்துக்குள் அம்பு இஷெவ்ஸ்க் ஆலையைக் குறிக்கும். விண்மீனுக்குள் அம்பு என்றால் தூலா. குறுக்குக் கோடிட்ட சதுரம் பழுதுபார்ப்புக் கிடங்கின் முத்திரை. எழுத்துருக்கள் வேறுபடுவதற்கும் அதுவே விளக்கம்: குழலின் பின்பகுதியில் உள்ள எண் ஆலையில் இடப்பட்டது, போல்ட், மேகசீன் அடித்தட்டு, பின்கட்டையின் இரும்புத் தகடு ஆகியவற்றில் உள்ளவை கிடங்கில் பின்னர் அடிக்கப்பட்டவை. மரத்தைக் கழற்ற முடிந்தால் ரிசீவரின் பின்வாலின் அடிப்பகுதியையும் பாருங்கள். அங்கே குழலைவிட மிகப் பழைய ஆண்டு இருக்கக்கூடும். ஃபின்லாந்துப் படை பயன்படுத்திய மோசின்களில் இது மிகவும் சாதாரணம். அவர்கள் ரஷ்ய ரிசீவர்களை எடுத்துத் தங்கள் குழல்களைப் பொருத்தினார்கள். கட்டம் போட்ட முத்திரைக்குள் எஸ்.ஏ. என்ற எழுத்துகள் இருந்தால் அது ஃபின்லாந்துப் படையின் உடைமை.

மரத்துக்குள்ளும் இரும்புத் தகடுகளுக்கு அடியிலும் பார்க்கும் பழக்கம் நல்லது. சுவிட்சர்லாந்தின் கே31 ரைஃபிள்களில் பின்தகட்டைக் கழற்றினால், அதை வைத்திருந்த வீரரின் பெயரும் முகவரியும் எழுதிய காகிதச் சீட்டு சில வேளைகளில் கிடைப்பதுண்டு. அப்படி ஒன்று எப்போதாவது கிடைத்தால் அதைக் காட்சியில் வைக்காமல் தனிக் கோப்பில் பாதுகாப்பது அந்தக் குடும்பத்துக்கு நாம் செய்யும் மரியாதை.

ஏட்டாளர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடி ஒவ்வோர் உறுப்புக்கும் தனி வரி போட்டு மீண்டும் தொடங்கினேன். முதல் ரைஃபிளின் மேல்மரத்தைக் கழற்றியபோது குழலின் பின்பகுதியில் 42 என்ற ஆண்டுக் குறியும், அம்பின் கீழே ஐ எழுத்தும் தெரிந்தன. அதாவது ரிசீவருக்கு 25 ஆண்டு வயதானபோது இந்தியாவில் புதிய குழல் கிடைத்திருக்கிறது. இரண்டு உலகப் போர்களும் ஒரே துப்பாக்கியில் இருப்பதைப் பார்த்துச் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மவுசரின் மரத்தில் செந்நிறப் பூச்சு இருக்கிறது. மோசினின் குழல்வாயில் மட்டும் ஒரு விரற்கடை ஆழத்துக்குச் சுருள்வரிகளே (குண்டைச் சுழலவைக்கும் உட்கோடுகள்) இல்லாமல் வழுவழுப்பாக இருக்கிறது. இது சேதமா? முதல் ரைஃபிளின் குழல் உள்ளே இருண்டு தெரிகிறது. நிலையை எப்படி எழுதுவது என்பதில் இன்னும் தெளிவில்லை.

மறுமொழி 3: பாதுகாப்புப் பணியாளர்

உலோகப் பொருள்களைப் பாதுகாக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில் நிலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எதற்கும் முன்னால், மேகசீனைக் கழற்றக்கூடியவற்றில் கழற்றி, போல்ட்டைத் திறந்து, தோட்டா அறைக்குள் கண்ணால் பார்த்து விரலாலும் தொட்டு உறுதிசெய்யுங்கள். கிரீஸ் மண்டிய தோட்டா அறைக்குள் பழைய தோட்டா ஒன்று மறைந்திருப்பது நடக்காத காரியமில்லை. இதை ஒவ்வொரு முறை கையிலெடுக்கும்போதும் செய்ய வேண்டும்.

மோசினின் குழல்வாயில் நீங்கள் கண்டது வேண்டுமென்றே செய்யப்பட்டது. அந்த ரைஃபிளைச் சுத்தம் செய்யும் கம்பி குழல்வாய் வழியாகவே உள்ளே போகும். ஆயிரம் முறை இரும்புக் கம்பி உரசினால் வாய்ப்பகுதியின் சுருள்வரிகள் தேய்ந்து குண்டு நேராகச் செல்லாது. கிடங்கில் அந்தத் தேய்ந்த பகுதியை மட்டும் துளையிட்டு அகலமாக்கி, நல்ல சுருள்வரிகள் முடியும் இடத்தைப் புதிய வாயாக ஆக்கிவிடுவார்கள். ஆகவே அது பழுதுபார்ப்பின் தடயம். அத்துடன் அந்த ரைஃபிள் நீண்ட காலம் கையாளப்பட்டது என்பதற்கான சான்றும்கூட. லீ என்ஃபீல்டில் இதற்கு நேர்மாறான வழக்கம். பின்கட்டையின் பித்தளை மூடிக்குள் எண்ணெய்க் குப்பியும் எடை கட்டிய கயிறும் இருக்கும். கயிற்றைத் தோட்டா அறைப் பக்கமிருந்து விட்டு வாய் வழியாக இழுப்பார்கள். அதில் தேய்மானம் பெரும்பாலும் மறுமுனையில், தோட்டா அறைக்குச் சற்று முன்னால் தொடங்கும். கார்டைட் வெடிமருந்து மிகுந்த வெப்பத்தோடு எரிவதால் அந்தக் கழுத்துப் பகுதி அரிக்கப்படுகிறது. சுருள்வரிகளின் வடிவத்தையே இந்த வெடிமருந்து மாற்றவைத்தது: மெட்ஃபோர்டு வகை ஆழமற்ற வரிகள் கார்டைட்டைத் தாங்காததால்தான் 1895-இல் என்ஃபீல்டு வகை வரிகள் வந்தன. அந்தப் பெயர் மாற்றத்தில்தான் லீ மெட்ஃபோர்டு லீ என்ஃபீல்டாயிற்று.

இருண்ட குழலைக் கண்டு உடனே முடிவெடுக்க வேண்டாம். பாதி வேளைகளில் அது காய்ந்த கிரீஸும் பழைய கரியும்தான். மென்மையான துணியில் கரைப்பான் தோய்த்து, தோட்டா அறைப் பக்கமிருந்து பலமுறை இழுத்த பிறகு எஞ்சுவதுதான் உண்மையான நிலை. அக்கால இராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் பற்றவைப்பு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்ட பிறகு அது பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாகக் குழலில் படிந்து, காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் துளைக்கும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது. நீர்தான் கரைக்கும். சுட்டதும் வெந்நீர் ஊற்றிய வீரரின் குழல் நூறாண்டு கடந்தும் பளிச்சென்று இருப்பதையும், எண்ணெய் மட்டும் பூசியவரின் குழல் குழிவிழுந்து கிடப்பதையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறேன். உங்கள் பதிவேட்டில் "இருண்டது" என்று எழுதாமல், சுருள்வரிகளின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா மழுங்கியிருக்கிறதா, குழிகள் வரிகளின் மேட்டில் உள்ளனவா பள்ளத்தில் உள்ளனவா, எந்த முனையிலிருந்து எவ்வளவு தூரம் வரை என்று எழுதுங்கள். வரிகளின் எண்ணிக்கையையும் குறியுங்கள். உங்கள் லீ என்ஃபீல்டில் இடப்பக்கம் சுழலும் ஐந்து வரிகள் இருக்க வேண்டும். மவுசரிலும் மோசினிலும் வலப்பக்கம் சுழலும் நான்கு. நகலில் எத்தனை என்று எண்ணிப் பார்த்து எங்களுக்கும் சொல்லுங்கள். பின்னாளில் உங்களுக்கு "நம்பர் 4" என்ற பிந்தைய மாதிரி லீ என்ஃபீல்டு ஏதேனும் வந்து, அதில் இரண்டே வரிகள் இருந்தால் தேய்மானம் என்று எழுதிவிடாதீர்கள். போர்க்காலத்தில் அவ்வாறே செய்யப்பட்ட குழல்கள் உண்டு.

ஹெட்ஸ்பேஸ் என்பது மூடிய போல்ட்டின் முகத்துக்கும், தோட்டா தாங்கி நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி. .303 தோட்டாவுக்கு விளிம்பு இருப்பதால் அந்த விளிம்பின் தடிமனுக்கான இடத்தையே அளக்கிறோம், 0.064 அங்குலம் குறைந்த அளவு, 0.074 அங்குலம் மிகுந்த அளவு. எண் வேறான போல்ட் உள்ள உங்கள் முதல் ரைஃபிளில் இதைத் தகுதி பெற்ற ஆயுதப் பழுதுபார்ப்பாளர் ஒருவரைக் கொண்டு அளந்து எழுதிவைப்பது நல்லது. நீங்கள் சுடப்போவதில்லை என்றாலும், பத்தாண்டு கழித்து உங்கள் இடத்தில் இருப்பவருக்கு அந்த எண் பயன்படும்.

வரிசை எண்ணே நிலையைச் சொல்லிவிடும் ஒரு வகையையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன். அமெரிக்காவின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிள்களில், ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையின் 800,000-க்குக் கீழான எண்களும் ராக் ஐலண்ட் ஆலையின் 285,507-க்குக் கீழான எண்களும் கொண்ட ரிசீவர்கள் நொறுங்கக்கூடியவை என்று கருதப்படுகின்றன. பழுக்கக் காய்ச்சிய எஃகின் நிறத்தைத் தொழிலாளி கண்ணால் பார்த்தே வெப்பத்தை மதிப்பிட்டார். வெயில் நாளில் அதே நிறம் மங்கலாகத் தெரியும். ஆகவே எஃகு அளவுக்கு மீறிச் சூடாக்கப்பட்டது. வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் குறை கண்ணுக்குத் தெரியாது; எண்தான் சொல்ல வேண்டும். ஸ்வீடன் இதைவிட நேரடியான வழியைக் கையாண்டது: தன் மவுசர்களின் பின்கட்டையில் பித்தளை வட்டு ஒன்றைப் பதித்து, குழலின் உள்விட்டத்தையும் தேய்மானத் தரத்தையும் அதிலேயே குறித்துவைத்தது. உங்கள் பதிவேட்டுக்கு அதைவிட நல்ல முன்மாதிரி வேறில்லை.

இனி கிரீஸ். நீக்கலாம், ஆனால் படம் எடுத்த பிறகே. தேய்ந்த முத்திரைகளை வாசிக்க, அறையை இருட்டாக்கி, கைவிளக்கை இரும்போடு ஒட்டிச் சாய்வாகப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் மறைந்திருந்த எழுத்துகள் நிழலாக எழுந்து நிற்கும். அமிலம் பூசி எழுத்தை மீட்கும் முறையை நாடாதீர்கள். அது குற்றப் புலனாய்வுக்கு உரியது, பொருளைப் புண்படுத்தும். மரத்தில் உப்புத்தாள் படவே கூடாது. மரத்தில் உள்ள சோதனையாளர் முத்திரைகள் காகிதத் தடிமன் ஆழம்கூட இருக்காது. ஒரு நிமிடம் தேய்த்தால் போய்விடும். மீண்டும் கறுப்புப் பூச்சு ஏற்றுவதும் வேண்டாம். மவுசரில் உள்ள சோவியத் பூச்சு அதன் வரலாற்றின் ஒரு பக்கம். தோல் வார்ப்பட்டைகள் இருந்தால் கழற்றித் தனியாக வையுங்கள். தோலில் உள்ள அமிலம் அது தொடும் பித்தளையில் பச்சைக் களிம்பை உண்டாக்கும். மரமும் இரும்பும் சேரும் கோட்டுக்கு அடியில்தான் துரு ஒளிந்திருக்கும். மேல்மரத்தை ஏற்கெனவே கழற்றியிருக்கிறீர்கள். திரும்பப் பூட்டுவதற்கு முன் அங்கே நுண்ணிய மெழுகுப் படலம் ஒன்று பூசிவிடுங்கள்.

ஏட்டாளர்

மெழுகு பூசிவிட்டேன். முதல் ரைஃபிளின் குழல் பன்னிரண்டு துணிகளுக்குப் பிறகு தெளிந்தது. ஐந்து வரிகள், இடச்சுழற்சி, விளிம்புகள் கூர்மை. தோட்டா அறைக்கு முன்னால் இரண்டு விரற்கடை தூரத்துக்கு மட்டும் மழுங்கல், வாய்ப்பக்கம் சில குழிகள். ஹெட்ஸ்பேஸ் அளக்க ஒருவரிடம் நேரம் கேட்டிருக்கிறேன்.

நான்காவதன் குழலுக்குள் விளக்கு வைத்து எண்ணினேன். நான்கு வரிகள்தான், ஒன்று மற்றவற்றைவிட அகலம், சுழற்சி சீராக இல்லை. பதிவேட்டில் "உருவான இடம்" என்ற கட்டத்தை அடித்துவிட்டு "உறுப்புகளும் அவற்றில் கண்ட குறிகளும்" என்று மாற்றிவிட்டேன். அந்த நான்காவது பக்கத்தில் "கையால் செய்த நகல், கைபர் பகுதி வகை, சுடக்கூடாது" என்று எழுதி, திரும்பிய எழுத்தின் படத்தை ஒட்டியிருக்கிறேன். முதல் ரைஃபிளின் முன்முனை மூடியில் உள்ள எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. இன்றிரவு அறையை இருட்டாக்கி மீண்டும் பார்க்கிறேன்.